வெள்ளெலியும் வேற குலமும்

திருமலைச்சாமிக்குத் தன் பங்காளிகளின் பெயர் ஏழு தலைமுறைக்குத் தெரியும். எந்தப் பாட்டனுக்கு எந்த வயல் பிரிந்தது, எவன் கோபித்துக்கொண்டு கவுஞ்சிக்குக் குடிபோனான், யார் கரடியிடம் அகப்பட்டு ஒரு காதை அதனிடமே விட்டுவிட்டு வந்தார் என்பது வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவார். பூண்டியில் குலசாமி கும்பிடு என்றால் முதல் விபூதி யாருக்கு என்பதில் அவர் சொல்தான். அந்த ஞாபகசக்திதான் மகனுடைய வாழ்க்கையில் ஒரு முழு வருடத்தைத் தின்றது. மனிதர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னார், அதுதான் வினையாகிவிட்டது.

மகன் மனோஜ்குமாருக்குப் பத்தொன்பது வயது. பத்து வயதிலிருந்தே கையும் காலும் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மலையில் மூட்டமும் சாரலுமாக இருக்கிற நாட்களில் ஒன்றும் தெரியாது. கேரட் பிடுங்குவான், மூட்டை தூக்குவான், ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு மன்னவனூர் போய் வருவான். மாசி பங்குனியில் வெயில் ஏறிவிட்டால் ஆள் வேறு. ஒரு சொட்டு வியர்க்காது. உடம்பு சுடும், உள்ளங்காலில் தணலை வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்பான். திண்டுக்கல்லில் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் தாங்கினான், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட்டான். இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது அக்கி என்று காவியால் எழுதிப் பார்த்தார்கள். காவி உதிர்ந்தது, புள்ளி உதிரவில்லை.

கீழே ஓர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்கள். திருமலைச்சாமி ஏழு தலைமுறையையும் எடுத்து விட்டார். அதில் கரடி கடித்தவர் இருந்தார், காமாலை வந்தவர் இருந்தார், கை கால் எரிந்தவர் ஒருவருமில்லை. குடும்பத்தில் இல்லை என்று எழுதி, மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் அதை விழுங்கினான். சிறுநீரில் நுரை கட்ட ஆரம்பித்த பிறகுதான் மதுரையில் பரம்பரை நோய்களை ஆராய்கிற கூடம் ஒன்றுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அங்கே சௌம்யா என்று ஒரு பெண். பழனி அடிவாரத்தில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவரின் மகள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஒரு பெரிய தாளை விரித்துவைத்து, ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். திருமலைச்சாமி சொல்லச் சொல்லத் தாளில் கட்டங்கள் கேரட் பாத்தி மாதிரி நிறைந்தன. மனைவி பாண்டிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்புக்குள் கைகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, உங்க பக்கம் போதுங்க. அம்மா பக்கம் சொல்லுங்க," என்றாள் சௌம்யா.

"அது எதுக்குங்க? அவுக வேற கொலம். பள்ளங்கிக்காரங்க. கட்டிக்கிட்டு வந்த பெறகு இவளும் எங்க கொலந்தானே."

"நோய் கொலம் பாக்காதுங்கய்யா. எனக்குச் சந்தேகமா இருக்கிற நோய் அப்பாகிட்ட இருந்து மகனுக்கு வராது. வரவே முடியாது. அம்மா வழியாத்தான் வரணும்."

ஏழு தலைமுறைப் பங்காளிகளும் கரடியோடு சேர்ந்து அந்த ஒரு பேச்சில் வெளியே போனார்கள். திருமலைச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு நேரம் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் வீணா என்கிற மாதிரி தாளையே பார்த்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்ங்க," என்றாள் பாண்டிச்செல்வி.

"இருந்தாரா?"

"முத்துராஜுன்னு பேரு. போயி பன்னெண்டு வருசமாச்சு. கிட்னி ரெண்டும் கெட்டுப்போச்சுன்னாங்க. இருபத்தொம்பது வயசுதான்."

"அவருக்குக் கை கால் எரியுமா?"

பாண்டிச்செல்வி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதுன்னு சொல்லுவான்," என்றாள்.

சௌம்யா தாளின் வெறுமையான பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதைக் கறுப்பாக நிரப்பி, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு, இறந்தவர்களுக்குக் கோடு, அப்படித்தான் போடுவார்களாம்.

முத்துராஜின் கதையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பள்ளங்கியில் நிலம் பற்றாமல் அக்காள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவன் அவன். காலையில் வெள்ளனே எழுந்து இரண்டு ஆள் வேலை செய்வான். வெயில் முகத்துக்கு நேரே வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஓடையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவான். ஊர் அவனுக்கு ஓடைக்காரன் என்று பெயர் வைத்தது. உருளைக்கிழங்கு ஏற்ற லாரி வந்து நின்ற ஒரு நாள், திருமலைச்சாமி அவனை ஓடையிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, ஆட்கள் எல்லாம் பார்க்க, மூட்டைக்கு அடியில் நிறுத்தினார். "எரியுது மச்சான்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. ஆனால் "நடிக்காதடா" என்று சொன்னாள். அந்த வார்த்தையை அவள் இன்றைக்கும் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது நினைத்துக்கொள்கிறாள்.

ஏனென்றால் அவளுக்கும் எரியும். ஏழெட்டு வயதிலிருந்து எரியும். தம்பி அளவுக்கு இல்லை, ஆனால் அடுப்படியில் அதிக நேரம் நின்றால் விரல் நுனியெல்லாம் ஊசியாகக் குத்தும். தம்பி பட்ட பாட்டைப் பார்த்தவள் வாயைத் திறப்பாளா? ஈரத்துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு குழம்பைக் கிண்டுவாள், யாராவது பார்த்தால் பாத்திரம் சுட்டுவிட்டது என்பாள். கட்டிக்கொண்டு வந்து இருபத்தோரு வருடமாக அந்த வீட்டில் பாத்திரம் சுட்டுக்கொண்டே இருக்கிறது.

மனோஜின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். ஐப்பசியில் பூண்டு நடுகிற நேரம். புகை படத் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டை இறக்கி, பல் பல்லாகப் பிரித்து, பாத்தியில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மேகம் வயலுக்குள்ளேயே இறங்கி நின்றது. அடுத்த பாத்தியில் குனிந்திருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். போன் அடித்தது. பூண்டியில் சிக்னல் வேண்டுமென்றால் வயலுக்கு மேலே இருக்கிற பாறையில் ஏற வேண்டும். மண் கையோடு மூவரும் ஏறினார்கள். மனோஜ் ஸ்பீக்கரைப் போட்டான்.

"அம்மா, நான் சந்தேகப்பட்ட நோய்தான்," என்றாள் சௌம்யா. "உடம்புல ஒரு விதக் கொழுப்புச் சேரும். அதை அறுத்துப் போடறதுக்கு ஒவ்வொருத்தர் உடம்புலயும் கத்தரி மாதிரி ஒண்ணு இருக்கு. மனோஜுக்கு அந்தக் கத்தரி சரியா மடங்கி வரலை. அதனால கொழுப்பு நரம்புலயும் கிட்னிலயும் போய்த் தேங்குது. கத்தரியை எப்படிச் செய்யணும்னு உடம்புல எழுதியிருக்கும் பாருங்க, அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு."

"எத்தனை எழுத்துல?" என்று கேட்டான் மனோஜ்.

"கத்தரிக்கு மட்டும் ஆயிரத்து முந்நூறுக்குக் கிட்ட. அதுல ஒண்ணு."

திருமலைச்சாமி பாறையில் உட்கார்ந்தார். "ஒத்த எழுத்துக்கா இவ்வளவு பாடு?"

"மருந்து இருக்குங்கய்யா. ஒரு மாத்திரை, கத்தரியைச் சரியா மடங்க வைக்கும். ஆனா சில எழுத்து மாத்தத்துக்குத்தான் அது கேக்கும், சிலதுக்குக் கேக்காது. இந்த மாத்தம் இதுவரைக்கும் யாருகிட்டயும் பதிவாகலை. உங்க வீட்டுல மட்டும்தான் பாத்திருக்கோம். அதனால கேக்குமா கேக்காதான்னு யாருக்கும் தெரியாது."

"கேக்கலைன்னா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஊசி. ஆயுசுக்கும். அதுவும் அரசாங்கக் கமிட்டி ஒத்துக்கிட்டாத்தான் கெடைக்கும். மனோஜ் மலையை விட்டுட்டு மதுரையில வந்து இருக்கணும்."

மதுரை என்றதும் மனோஜ் கீழே வயலைப் பார்த்தான். அந்த வெயிலில் ஆயுசுக்கும் என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியும்.

"மாத்திரையை நேரா இவனுக்கே குடுத்துப் பாக்கக் கூடாதா?" என்றாள் பாண்டிச்செல்வி.

"கேக்காத மாத்திரையைக் குடுத்துட்டுக் காத்திருந்தா, அதுக்குள்ள கிட்னி இன்னும் கெட்டுப்போகும்மா. மொதல்ல வெளியில சோதிச்சுப் பாக்கணும். வெள்ளெலியோட செல்லு எங்ககிட்ட வளருது. அதுல எலியோட சொந்தக் கத்தரியை எடுத்துட்டு, மனோஜோட எழுத்தை வச்சு வளப்போம். அது மனோஜோட கத்தரியையே செய்யும். பெறகு மாத்திரையைக் கலந்து பாப்போம்."

"எலியா?" என்றார் திருமலைச்சாமி.

உருளைக்கிழங்குப் பாத்தியில் எலிக்கும் அவருக்கும் பரம்பரைப் பகை. போன வெள்ளாமையில் கால்வாசியை எலி கொண்டுபோயிருந்தது. அவர் வைத்த கிட்டியில் விழுந்த எலிகளைக் கணக்கெடுத்தால் பங்காளிகளை விட அதிகமாக இருக்கும். போனை வைத்த பிறகு, யாரும் இல்லாத அந்தப் பாறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எலிக்குள்ள எம் மவன் எழுத்தாம். செல்வி, இதை வெளிய சொல்லிப்புடாத. ஏற்கெனவே ஓடைக்காரன் மருமகன்னு ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டேங்குறான்."

பூண்டு முளைத்து, களை எடுத்து, மார்கழியில் காலையில் பாத்தியெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்தது. பாண்டிச்செல்வி விடிந்தும் விடியாமலும் எழுந்து கருப்பட்டிக் காப்பி போட்டு, களி கிண்டி வைத்துவிட்டு வயலுக்குப் போவாள். வேலை நடந்துகொண்டிருக்கும், நினைப்பு மட்டும் மதுரையில் கிடக்கும். தன் உடம்பிலிருந்து மகனுக்குப் போன ஒரு எழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்குள் இந்நேரம் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் பசிக்குமா, தூங்குமா என்றெல்லாம் யோசிப்பாள். பீன்ஸ் குழம்பைத் தாளித்துக்கொண்டே யோசித்து, இரண்டு முறை உப்புப் போட்டுவிடுவாள். தை மாதம் ஒரு நாள், யாருக்கும் தெரியாமல் பாறையில் ஏறிச் சௌம்யாவுக்கு அவளே போன் போட்டாள்.

"சோலியா இருக்கியாம்மா? ஒண்ணு கேக்கணும். அந்த எலிக்கு எரியுமா?"

"எலி இல்லைம்மா, வெறும் செல்லுதான். நரம்பு கெடையாது. அதுக்கு எரியாது."

"உசுரு இருக்குல்ல?"

"உசுரு இருக்கு."

"எரியாட்டிச் சரி," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாசியில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தபோது, முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று தகவல் வந்தது. நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. போனில் ஒரு மாதிரி கேட்டு, வழியெல்லாம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வருவீர்கள் என்றாள் சௌம்யா. முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். செண்பகனூர் வரைக்கும் மனோஜ் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தான். மலை இறங்க இறங்கப் பேச்சுக் குறைந்தது. காட்டு ரோட்டில் டீக்கு நிறுத்தினார்கள், அவன் இறங்கவில்லை. வத்தலக்குண்டு தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் ஈரத்துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தான். திருமலைச்சாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மகனுடைய பாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் சீட்டுக்கு அடியில் ஓடியதைப் பார்த்துக் கண்டக்டர் சத்தம் போட வந்தார், பையன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்.

"எரியுதாடா?" என்று கேட்டார் திருமலைச்சாமி.

"ஆமாப்பா."

அவர் அடுத்த பாட்டிலைத் திறந்தார். பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த பாண்டிச்செல்வி, தலைப்புக்குள் தன் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டே வந்தாள். வெயில் அவளையும் விடவில்லை.

ஆராய்ச்சிக்கூடம் குளுகுளு என்று இருந்தது. மனோஜை ஒரு பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, சௌம்யா பெரியவர்கள் இருவரையும் உள்ளே கூட்டிப்போனாள். அவர்களுக்கும் வெள்ளைக் கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிவிட்டாள். மூலையில் இரும்புப் பீரோ மாதிரி ஒரு பெட்டி இருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் இளஞ்சூடாகக் காற்று பட்டது.

"இதுக்குள்ள நம்ம உடம்புச் சூடு எப்பவும் இருக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

உள்ளேயிருந்து தட்டையான ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தாள். அடியில் ரோஸ் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். அதை நுண்ணோக்கியில் வைத்துத் திருகிவிட்டு, "பாருங்கம்மா, அசையாம," என்றாள்.

முதலில் அவளுக்குத் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு அந்த வெளிச்சம் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், இரண்டு முனையும் கூராக, நடுவில் கொஞ்சம் தடித்து, உரித்துக் கொட்டிய பூண்டுப் பல் மாதிரி நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய ஒளி. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தன் மூச்சுப் பட்டால் அவை கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இதுதானா எலி?"

"இதுதாம்மா. உருண்டையா ஒண்ணு தெரியுதா? நடுவுல ஒடுங்கியிருக்கும். அது ரெண்டாப் பிரியுது. நாளைக்கு இதே நேரம் வந்தா இங்க ரெண்டு மடங்கு இருக்கும்."

"எலி எங்க இருக்கு?"

"அது எப்பவோ செத்துப்போச்சும்மா. சீனாவுல வயக்காட்டுல திரியுற சின்ன எலி. அந்த வகையில ஒரு எலிகிட்ட இருந்து அறுபது வருசத்துக்கு மேல முன்னாடி, அமெரிக்காவுல ஒருத்தர் கொஞ்சம் எடுத்து வளத்தார். அது பிரிஞ்சு பிரிஞ்சு இன்னும் நிக்கலை. உலகம் பூரா ஆராய்ச்சிக்கூடத்துல ஓடிக்கிட்டிருக்கு. மனோஜ் மாதிரிப் பிள்ளைகளுக்குப் போடுற ஊசிமருந்துலயும் ஒண்ணு இந்தச் செல்லு செஞ்சு குடுக்குறதுதான்."

"எலி செத்துருச்சு. அதோடது சாகலை," என்றாள் பாண்டிச்செல்வி. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நாங்க நடுற பூண்டும் அப்படித்தாம்மா. வெதை கெடையாது. பல்லப் பிரிச்சு ஊண்டுறதுதான். எங்க மாமனார் ஊண்டுன பூண்டோட பல்லு, அதோட பல்லு, அதோட பல்லு. இவுக ஏழு தலமொறையும் போயிட்டாங்க, பூண்டு அதே பூண்டுதான் நிக்குது. அதை எவன் மொதல்ல ஊண்டுனானோ யாருக்குத் தெரியும்."

"அதேதாம்மா. நாங்களும் பிரிச்சுப் பிரிச்சுப் புதுப் புட்டியில ஊண்டுறோம்."

"ஆணா, பொட்டையா?"

"பொட்டை. சினைப்பையில இருந்து எடுத்தது."

பாண்டிச்செல்வி நிமிர்ந்தாள். கையுறை மாட்டிய கைகளைக் குவித்து, ரோஸ் தண்ணீர் இருந்த அந்தப் புட்டியைக் கும்பிட்டாள். கண்ணால் பார்த்திராத தேசத்துப் பெண் எலி ஒன்று, தன் மகன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் செத்துப்போனது, அவனுடைய பிழையைத் தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொண்டு இங்கே உயிரோடிருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு காரியம் உலகத்தில் நடந்துகொண்டிருப்பது தெரியாமலே நாற்பத்து மூன்று வயது ஆகிவிட்டதே என்றிருந்தது.

திருமலைச்சாமி நகர்ந்து வந்து கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் வெள்ளைக் கோட்டுக்கு மேலே போட்டிருந்த துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குலசாமி முன்னால் தவிர வேறெங்கும் அவர் அப்படிச் செய்ததில்லை.

வெளியே மனோஜ் எழுந்து உட்கார்ந்திருந்தான். சௌம்யா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள்.

"நல்லாருக்குற ஒருத்தரோட கத்தரிக்கு நூறு மார்க்குன்னு வச்சுக்குவோம். மனோஜோட எழுத்துள்ள செல்லுல மூணுதான் வந்துச்சு."

திருமலைச்சாமி மகனுடைய தோளில் கை வைத்தார்.

"மாத்திரை கலந்து வச்ச செல்லுல நாப்பத்தொண்ணு. ஒருக்கா பாத்துட்டுச் சொல்லலை. மூணு தடவை செஞ்சோம். மூணு தடவையும் நாப்பதுக்குக் கொறையலை."

"அப்ப பாஸுங்களா?" என்றார் திருமலைச்சாமி.

"பாஸுங்கய்யா. ஆராய்ச்சித் திட்டத்துலயே மாத்திரை கெடைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், டாக்டர் சொல்றபடி. போன கிட்னி திரும்பாது, ஆனா மேற்கொண்டு போறது நிக்கும்னு நம்பலாம். மனோஜ் மலையிலயே இருக்கலாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா இங்க வந்து காட்டுனாப் போதும்."

மனோஜ் தாயின் பக்கம் சாய்ந்து, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். மீசை முளைத்த பிறகு அவன் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான். திருமலைச்சாமி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அதற்குள்ளிருந்தே கேட்டார்.

"எம் மச்சினனுக்கும் இதே எழுத்துதானா?"

"அவர் ரத்தம் நம்மகிட்ட இல்லைங்கய்யா. ஆனா இதே எழுத்துதான் இருந்திருக்கணும்."

"நெசமாவே எரிஞ்சிருக்கும்."

"நெசமாவே எரிஞ்சிருக்கும்."

சௌம்யா பழைய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். கறுப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது.

"அம்மா, மனோஜுக்கு உங்க வழியாத்தான் வந்துருக்கு. அப்ப உங்ககிட்டயும் அந்த எழுத்து இருக்கு. பொம்பளைங்கள்ல சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. சில பேருக்கு எரியும். உங்களுக்கு எப்படி?"

பாண்டிச்செல்வி தலைப்புக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"எரியுங்க," என்றாள்.

திருமலைச்சாமி முகத்திலிருந்து துண்டை எடுத்தார். "உனக்கா? எப்ப இருந்து?"

"சின்னப் பிள்ளையில இருந்து."

"இருபத்தோரு வருசமா எங்கூட இருக்க. ஒரு நா, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல செல்வி?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"தம்பி சொன்னான்லங்க," என்றாள்.